கறுப்பாக்காத சுரங்கள்

பிப்ரவரி 25, செவ்வாய்

செய்தி வந்தது காலை 11.42-க்கு. கயத்தாறு தாண்டி ஒரு காற்றாலையின் உச்சிப் பெட்டிக்குள் கியர் ஆயில் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நின்ற இசக்கி வாக்கிடாக்கியில், "சார், எறங்கி வாங்க" என்றான். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார். பைய வாங்க. அவசரமில்ல" என்றான். ஆறு வருஷத்தில் அவன் என்னைப் பைய வரச் சொன்னதே கிடையாது. ஏணியில் கால் வைக்கும்போதே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது, என்ன என்றுதான் தெரியவில்லை.

இறங்கியதும் என் ஹெல்மெட்டை அவனே கழற்றினான். கழற்றிவிட்டுத்தான் சொன்னான்.

என் மனைவி கெசியா இறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மியூசிக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது இருபத்தொன்பது.

ஏணி முழுக்கப் பாதுகாப்புக் கொக்கியை முறையாக மாற்றி மாற்றி மாட்டித்தான் இறங்கியிருக்கிறேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

மார்ச் 1, சனி

வியாழக்கிழமை அடக்கம். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தினமும் மெஷினுக்கு சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிறவன் நான். தேதி போட்டுவிட்டால் கை தானாக ஏதாவது எழுதும். இதுவும் அப்படித்தான்.

மார்ச் 4, செவ்வாய்

கெசியாவின் ஸ்கூட்டர் பள்ளிக்கூடத்திலேயே நின்றது. போய் எடுத்து வந்தேன். கண்ணாடி இரண்டும் அவள் உயரத்துக்கு இருந்தன. பின்னால் வருகிற வண்டி எதுவும் தெரியவில்லை, என் தோள்தான் தெரிந்தது. திருத்தவில்லை. ஐகிரவுண்டு பக்கம் ஓர் ஆட்டோக்காரர், "அண்ணாச்சி, ஒங்களுக்குப் பின்னாலயும் ரோடு இருக்கு!" என்று கத்திவிட்டு முந்திப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேவபிச்சை சார் வீட்டுக்கு வந்தார். எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர், பாடகர் குழுவையும் நடத்துகிறவர். உட்கார்ந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"கேக்கப்பிடாதுதான் தம்பி. பெரிய வெள்ளிக்குப் பாட அந்தப் பாட்டு... அவ எதுவரைக்கும் முடிச்சிருந்தா?"

அந்தப் பாட்டு யோவான் உபதேசியார் என்று ஒருவர் எப்போதோ எழுதியது. சிலுவையில் ஆண்டவர் தண்ணீர் கேட்ட நேரத்தைப் பற்றியது. கோயில் பீரோவில் கரையான் அரித்த தாள்களாகக் கிடைத்தது. நாலு குரல்களில் மூன்று ஓரளவு பிழைத்திருந்தன, பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாதிக்கு மேல் கரையானுக்குப் போய்விட்டது. கெசியா அதை ஐந்து கோட்டு நொட்டேஷனுக்கு மாற்றி, அழிந்த இடங்களில் தானே சுரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. கம்ப்யூட்டர் தெரியும். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன், சாஃப்ட்வேர் அதைக் கோடும் புள்ளியுமாக வரைந்து தரும். நிறங்களை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். பழைய தாளில் இருப்பது கறுப்பு. அவள் சேர்த்தது நீலம். இன்னும் முடிவு செய்யாதது சிவப்பு. அச்சுக்குப் போகும்போது நீலச் சுரங்கள் பொடி அளவில், சதுர அடைப்புக்குள் கறுப்பாகும். "செத்துப்போன மனுசன் வாய்க்குள்ள என் பாட்டத் திணிச்சிட்டேன்னு யாரும் சொல்லிரப்பிடாது பாருங்க" என்பாள். சிவப்பு எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது. அது அவள் சட்டம்.

"நாலு எடம் பாக்கி சார். எல்லாம் ஆல்ட்டோ" என்றேன்.

"நாலுதானா? அத நானே போட்டுருவேன். ஆல்ட்டோ என்ன பாடுதாங்கன்னு ஆல்ட்டோவுக்கே தெரியாதுடே!" சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானே முடிக்கேன் சார்."

"நீ எப்படிடே? ஒனக்கு நோட் வாசிக்கத் தெரியாதே."

"முடிக்கேன்."

அவர் என்னையே பார்த்தார். "சரி. இப்ப இருக்கத ஒரு காப்பி குடு, பிராக்டீஸ் ஆரம்பிக்கணும். மத்ததுக்கு ஏப்ரல் ஆறாந்தேதி வரைக்கும் டயம். அதுக்குள்ள வரலன்னா எனக்குத் தோணுனத நான் போட்டுக்கிடுவேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

மார்ச் 11, செவ்வாய்

கெசியா முடிவெடுக்கும் விதத்தை எழுதி வைக்கிறேன். சந்தேகமான இடத்துக்கு இரண்டு விதமாகச் சுரம் எழுதுவாள். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஓட்டிவிட்டு, நான் எங்கே இருந்தாலும் கூப்பிடுவாள்.

"எது நல்லாருக்கு?"

"மொதல்ல வந்தது."

"அப்ப ரெண்டாவதுதான்."

ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். "ஒங்க காது ஒரு அதிசயங்க. தப்பான பக்கத்த அவ்வளவு கரெக்டாக் காட்டும்" என்று சொல்லிச் சிரிப்பாள். நான் சிவப்பை நீலமாக்குவேன். அடுத்ததற்குப் போவோம்.

மீதி நாலு இடங்களுக்கும் அவள் எழுதிய இரண்டு வடிவங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. இன்று முதல் இடத்தை ஓட்டினேன். இரண்டாவது பிடித்தது. அப்படியென்றால் முதலாவதுதான் சரி. ஆனால், முதலாவதை எடுக்க வேண்டும் என்று தெரிந்துதான் இரண்டாவதைப் பிடித்தது என்றேனோ என்று பட்டது. மறுபடி ஓட்டினேன். முதலாவது பிடித்தது. மறுபடி. இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. பிறகு வெறும் சத்தமாகத்தான் கேட்டன.

மார்ச் 12, புதன்

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன்.

மார்ச் 16, ஞாயிறு

பிராக்டீஸுக்குப் போனேன். போயிருக்க வேண்டாம்.

கொடுத்த காப்பியில் நிறங்களை அப்படியே விட்டிருந்தேன், சிவப்பு இடங்களில் பழகுவதற்கு ஏதோ ஒரு வடிவம் மட்டும். இது பிராக்டீஸ் காப்பிதானே, அச்சு இல்லையே என்று. நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லத் தேவை இருந்ததில்லை.

நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஆல்ட்டோ வரிசை மட்டும் தலையைத் தூக்கி, தொண்டை நரம்பு தெரிய, ஒரே ஒரு சுரத்தை ஓங்கி அடித்தது. மறுபடி அமைதி. அடுத்த பக்கத்தில் மறுபடி ஒரு ஓங்கல். மூன்றாவது இடத்தில் பேஸ் பாடுகிறவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

தேவபிச்சை சார் ஆர்கனை நிறுத்தினார். "எம்மா ஹெப்சி, யாரையும் வெட்டிப்புட்டாங்களா? ஏன் அலறுதிய?"

ஹெப்சி கெசியாவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஆல்ட்டோவில் கெசியாவுக்குப் பக்கத்து இடம். "செவப்புல போட்டிருக்குல்லா சார்?" என்றாள்.

"செவப்புன்னா?"

"வேதத்துல ஆண்டவர் பேசுத வார்த்தைதான செவப்புல இருக்கும். இது பெரிய வெள்ளிப் பாட்டு வேற. அதான் ஆண்டவர் கொரலா நெனச்சு அழுத்திப் பாடுதோம்."

"அந்த எடத்துல ஆண்டவர் எங்கம்மா பேசுதாரு? போர்ச்சேவகன்லா பேசுதான்!"

டெனர் பக்கத்திலிருந்து ஒருவர், "ஆண்டவர் ஆல்ட்டோல பேசுனாருன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, செவப்புன்னா என்ன?"

"அவளுக்குச் சந்தேகமா இருந்த எடம்."

ஒருத்தி தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

அவளுக்கு நிச்சயமில்லாத நாலு இடம். அவள் மெதுவாகத்தான் முணுமுணுத்துப் பார்ப்பாள். அதில் மூன்றைக் கோயில் கூரை கேட்கப் பாடினார்கள்.

மார்ச் 17, திங்கள்

தேவபிச்சை சார் ஃபோனில்: "கலரெல்லாம் வேண்டாம்டே. சனங்களுக்குக் கொழப்பம். மொத்தத்தயும் கறுப்பாக்கிக் குடுத்துரு. அந்தச் சதுர அடைப்பும் வேண்டாம். பாட்டு பாட்டா இருந்தாப் போதும்."

நிறைய வேலை பிடிக்கும் சார் என்றேன்.

கோப்பின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். எல்லாம் கறுப்பாகிவிடும். எது உபதேசியார், எது கெசியா, எது யாருமே இன்னும் முடிவு செய்யாதது என்று பிறகு எவனாலும் சொல்ல முடியாது.

மார்ச் 22, சனி

உபதேசியாரின் தாள்களை ஸ்கேன் செய்த படங்களோடு கோப்பை ஒப்பிட்டேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று நீலச் சுரங்கள் சந்தேகமாகப் படுகின்றன. கெசியா அவசரத்தில் நீலமாக்கியிருக்கலாம். தற்காலிகமாகச் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

மூன்றாம் பக்கம் முழுவதும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 26, புதன்

வேலைக்குப் போனேன். கொஞ்ச நாள் மேலே ஏற வேண்டாம், கீழே கன்ட்ரோல் பேனல் மட்டும் பார் என்றார்கள். கொக்கியை ஒழுங்காகத்தான் மாட்டுவேன் என்று சொன்னேன். மேனேஜர், "அதுக்கில்ல ரூபன்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. இசக்கி தன் சாப்பாட்டில் பாதியை என் டப்பாவில் வைத்தான். என் டப்பாவில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கறுப்பிலும் சந்தேகம் வருகிறது. கரையான் ஒரு புள்ளியை விட்டு வைத்தால் அது புள்ளியா ஓட்டையா என்று எப்படித் தெரியும்?

மார்ச் 29, சனி

பிரிண்டரில் மெஜெண்டா மை தீர்ந்துவிட்டது. பிப்ரவரியில்தான் புதிதாகப் போட்டது. மார்க்கெட் பக்கத்துக் கடையில் வாங்கினேன். கடைக்காரர், "மத்த கலர் ஒண்ணும் வேண்டாமா சார்? செவப்பு மட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கல்யாணப் பத்திரிகையா?" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

நாசரேத்திலிருந்து அத்தை வந்தார்கள். கெசியாவின் அம்மா. காலை பஸ்ஸில், கையில் தூக்குவாளியோடு. பெரிய வெள்ளிக்கு முந்தைய லெந்து நோன்பு என்பதால் கறி இல்லை. சொதியும் இஞ்சித் துவையலும்.

வாசலிலேயே நின்று, "என்ன மாப்ள, வீடு பூராம் தாளு? நடக்கக்கூட எடமில்லாம?" என்றார்கள்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். அத்தை நாசரேத்துக் கோயிலில் தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆல்ட்டோ பாடுகிறவர்கள். கெசியாவுக்கு நொட்டேஷன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்கள்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் பக்கம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் செவப்பால்லா இருக்கு?"

நான் கஞ்சியை வடித்துக்கொண்டே இருந்தேன்.

"செவப்புன்னா அவளுக்கு முடிவாகலன்னுதான் அர்த்தம்? எங்கிட்ட சொல்லிருக்கா. இது என்ன, மொத வரியே செவப்பு? இது உபதேசியார் தாளுலயே சுத்தமா இருந்த எடம்லா? நானும் அவளும் சேந்து பாடிப் பாத்தோமே."

"கம்ப்யூட்டர் கோளாறு அத்தை."

அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். "எம்புள்ள இவ்வளவு சந்தேகப்படுதவ இல்ல மாப்ள. ஒங்களக் கட்டுததுக்கே ஒரு நாளுதான் யோசிச்சா."

"ஒடனே சரின்னு சொன்னதாத்தான் என்கிட்ட சொன்னா."

"ஒங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவா. ஒரு நாள் பூராம் சாப்பிடாம யோசிச்சா. ஆளு நல்லவருதாம்மா, ஆனா சுருதி சேராதுன்னா." சிரிக்கத் தொடங்கினார்கள். அது பாதியில் வேறாகிவிட்டது. நான் சோற்றுப் பானை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, முதல் வரியின் ஆல்ட்டோவைப் பாடினார்கள். தாளைப் பார்க்காமலே. தட்டையான, சின்னக் குரல். கெசியா போலவே இல்லை. சாப்பிட்டோம். தட்டைக் கழுவும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்:

"இத இப்படியே வெளிய குடுத்துராதீங்க மாப்ள. பாக்குதவங்க அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனப்பாங்க. ஒரு வரிகூட நிச்சயமில்லாமத்தான் செஞ்சிருக்கான்னு. எம்புள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாம்."

நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

கம்ப்யூட்டர் கோளாறு இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

சேமிப்பு வரலாற்றில் பின்னால் போனேன். ஒவ்வொரு முறை சேமித்ததும் தேதியோடு இருக்கிறது. மார்ச் 22-இலிருந்து எல்லாம் நான் செய்தது. ஒரு சுரத்தைக்கூட இடம் மாற்றவில்லை, நிறம் மட்டும்தான். கறுப்பையும் நீலத்தையும் சிவப்பாக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். முடிந்துபோன இடங்களையெல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். சிவப்பு இருக்கிறவரை அவளிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான்.

பிப்ரவரி 24-ஆம் தேதிக் கோப்பைத் திறந்தேன். அவள் கடைசியாகச் சேமித்தது. அதில் சிவப்பு நாலே நாலு. மற்றதெல்லாம் கறுப்பும் நீலமுமாக, சந்தேகமே இல்லாமல் இருந்தது. என்னுடையவற்றை அழித்தேன். பத்து நொடிகூட ஆகவில்லை.

ஏப்ரல் 5, சனி

தேவபிச்சை சார் கூப்பிட்டார். "நாளைக்குத்தான் கெடு. முடிஞ்சிட்டா? இல்ல நான் போட்டுக்கிடவா?"

நாளை அனுப்புகிறேன் என்றேன்.

"அடைப்பெல்லாம் எடுத்துட்டியா?"

"இல்ல சார். அடைப்பு இருக்கும்."

"எதுக்குடே அது? பாடுதவனுக்கு என்ன தெரியப்போவுது?"

"அடைப்புக்குள்ள இருக்கது அவ சார். எடுத்துட்டா அவ எங்கன்னு தெரியாது."

யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "சரி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "ஆனா செவப்பு இருக்கப்பிடாது. திருப்பி அலறிருவாளுவ."

பகல் முழுக்க நாலு இடங்களையும் ஓட்டினேன். கண்ணை மூடிக் கேட்டேன். சமையலறையில் நின்று கேட்டேன், அவள் கூப்பிடும்போது நான் அங்கேதான் இருப்பேன் என்பதால். ஒன்றைச் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு எதிராகச் சொல்ல ஆள் இல்லை. அவள் மறுக்கிறவரை நான் சொல்வதற்கு ஒரு பயன் இருந்தது. இப்போது நான் தப்பாகச் சொன்னால் அது வெறும் தப்பு.

நாணயத்தைச் சுண்டலாம் என்று நினைத்தேன். எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மணி அடிப்பது கேட்டது. வேலையை முடித்துவிட்டேன்.

நீலத்தைப் பொடிச் சுரங்களாக்கி அடைப்புக்குள் போட்டேன், அவள் சொன்னபடி. முதல் பக்க அடியில் ஒரு குறிப்பு சேர்த்தேன்: "அடைப்புக்குள் உள்ள சுரங்கள் கெசியா சேர்த்தவை. மற்றவை யோவான் உபதேசியாருடையவை." அவள் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கை ஓர் எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. சாதாரணமாகத்தான் அடித்தது.

சிவப்பு இடங்கள் நாலிலும் நான் முடிவெடுக்கவில்லை. அவள் எழுதிய இரண்டு வடிவங்களையும் அச்சில் வைத்துவிட்டேன். ஒன்று வழக்கமான ஐந்து கோட்டில், மற்றொன்று அதற்கு மேலே ஒரு சின்ன ஐந்து கோட்டில். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் கறுப்பு, இரண்டும் அடைப்புக்குள். எது முந்தி, எது பிந்தி என்ற குறி எதுவும் இல்லை. ஐயமுள்ள இடத்தை இப்படி அச்சிடுவதும் ஒரு முறைதான். அவள் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பாள். எதை என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

திரையில் சிவப்பு எங்கும் இல்லை. நாலு பக்கமும் கறுப்பாக, சுத்தமாக, யாரோ அச்சடித்த புத்தகம்போல இருந்தது. ஆறு மாதமாக இந்தக் கோப்பு ஒரு நாளாவது இப்படி இருந்ததில்லை. இதில் அவளிடம் கேட்க ஒன்றுமில்லை. அவள் என்னிடம் கேட்கவும் ஒன்றுமில்லை.

ஆராதனை முடிகிற நேரம் பார்த்து தேவபிச்சை சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார், இரண்டு நீலக் குறி விழுந்தது. பன்னிரண்டு நாளில் பெரிய வெள்ளி. ஆல்ட்டோ அந்த நாலு இடத்திலும் ஏதோ ஒன்றைப் பாடியாக வேண்டும். பாதிப் பேர் ஒன்றும் பாதிப் பேர் மற்றதும் பாடினால் அபஸ்வரமாகிவிடும், அது எனக்கே தெரியும். மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டுக் கேட்பார். அவர் கேட்காவிட்டால் ஹெப்சி கேட்பாள்.

ஃபோனை அணைத்துவிட்டேன்.